விக்கணும்னும் இருக்கு, விக்கக் கூடாதுன்னும் இருக்கு: ரெண்டு மனசை ஆங்கிலத்தில் எழுத ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களைவிட மெயில் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். இங்கே ஒரு வளவு வீட்டுக்கு, அதாவது நடுவில் முற்றம் வைத்த பெரிய வீட்டுக்கு, பத்துப் பங்காளி என்றால் ஐந்து பேர் கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் வீட்டு விவகாரமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போய் வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோலாலம்பூர்ப் பேரன் எல்லாப் பங்குக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு மெயில் போட்டிருந்தான்: வீட்டை விற்றுவிடலாமா, அவரவர் எண்ணத்தை எழுதுங்கள். “விக்கணும்னும் இருக்கு, விக்கக் கூடாதுன்னும் இருக்கு. ஒரே கொழப்பமா இருக்குன்னு எழுதுங்க தம்பி” என்றார் ஆச்சி. நானும் யோசிக்காமல் ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு அபவுட் திஸ்’ என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது, இரண்டு பக்கத்துக்கு. பவர் பத்திரம் என்றால் என்ன, பதிவுக்கு யார் யார் நேரில் வர வேண்டும், பணம் எப்படிப் பிரியும் என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி விளக்கியிருந்தான். வாசித்துக் காட்டியதும், “நான் இதையா கேட்டேன்?” என்றார் ஆச்சி. தப்பு பேரனுடையது இல்லை. ஆங்கிலத்தில் ‘கன்ஃப்யூஸ்டு’ என்றால் முதலில் காதில் விழுவது ‘எனக்குப் புரியவில்லை’ என்பதுதான். ஆச்சிக்கு எல்லாம் புரிந்திருந்தது. மனசுதான் ரெண்டாக இருந்தது.

அன்றிலிருந்து இந்த மாதிரி மெயில் எழுத உட்கார்ந்தால் கீழே உள்ள வரிசையில்தான் போகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

படி 1: ‘குழப்பம்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தமிழில் குழப்பம் என்பது பெரிய கோணிப்பை. அதற்குள் நாலு சரக்கு கிடக்கிறது. சொன்னது விளங்கவில்லை என்பது ஒன்று. கன்ஃப்யூஸ்டு அதற்கு மட்டும்தான். விளங்கிவிட்டது, ஆனால் ஆசையும் வலியும் சேர்ந்து வருகிறது என்பது இரண்டாவது. விளங்கிவிட்டது, உணர்ச்சியும் இல்லை, எதைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் முடிவாகவில்லை என்பது மூன்றாவது. அதற்கு ‘ஐ ஹேவன்ட் டிசைடட் யெட்’ போதும், அலங்காரம் வேண்டாம். நாலாவது, நடக்குமா நடக்காதா என்ற விவரமே நம் கையில் இல்லை என்பது. அதற்கு ‘ஐ ஆம் நாட் ஷ்யூர்’.

மெயிலைத் திறக்கும் முன் இந்த நாலில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

படி 2: மனசு ரெண்டானால் எந்தச் சொல்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சொற்கள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும்.

எங்கேயும் எடுபடும் சொல் ‘மிக்ஸ்டு ஃபீலிங்ஸ்’. எப்போதும் பன்மை; முன்னால் ‘ஹேவ்’, பின்னால் ‘அபவுட்’. ‘ஐ ஹேவ் மிக்ஸ்டு ஃபீலிங்ஸ் அபவுட் செல்லிங் த ஹவுஸ்.’ நம் பிள்ளைகள் ‘ஐ ஆம் மிக்ஸ்டு ஃபீலிங்’ என்று எழுதுகிறார்கள். ‘நான் கலந்த உணர்வு’ என்பது போல இருக்கும்.

‘டோர்ன்’ அதைவிடக் கூர்மை. கிழிப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல், கிழிபட்டு நிற்பது என்று அர்த்தம். இரண்டு பக்கத்தையும் பெயர் சொல்லிவிட்டால் இன்னும் நன்றாக நிற்கும்: ‘ஐ ஆம் டோர்ன் பிட்வீன் கீப்பிங் இட் அண்ட் லெட்டிங் இட் கோ.’ நம் இருதலைக்கொள்ளி எறும்புக்குக் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம்: எறும்புக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. டோர்ன் ஆனவருக்கு இரண்டு பக்கமும் ஆசையாகவும் இருக்கலாம்.

‘இன் டூ மைண்ட்ஸ்’ என்பது உணர்ச்சியைவிட முடிவைப் பற்றியது. பிரிட்டிஷ்காரர்கள் ‘இன்’ போடுவார்கள், அமெரிக்கர்கள் ‘ஆஃப்’ போடுவார்கள். நியூ ஜெர்ஸிக்கு எழுதினாலும் ‘இன்’ போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘ஆம்பிவலன்ட்’ படித்தவர்கள் சொல். 1910-ஐ ஒட்டி சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ஜெர்மன் மொழியில் உருவாக்கியது. மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். லத்தீனில் ‘இரண்டும்’ என்ற சொல்லையும் ‘வலிமை’ என்ற சொல்லையும் சேர்த்தார். அதாவது இரண்டு பக்கமும் பலமாக இழுக்கிறது. இது தெரியாமல் ‘எனக்கு எப்படியானாலும் சரி’ என்ற அர்த்தத்தில் போடுகிறவர்கள் உண்டு. அதற்குச் சொல் ‘இன்டிஃபரன்ட்’. ஒன்றில் இழுப்பு அதிகம், மற்றதில் இழுப்பே இல்லை. அலுவலக மெயிலில் ஆம்பிவலன்ட் போடுங்கள், ஆச்சி வாயில் போடாதீர்கள், பேரன் பயந்துபோவான்.

அதன் பக்கத்திலேயே ‘ஆம்பிகுவஸ்’ என்று ஒன்று நிற்கும். அது மனுஷருக்கு இல்லை, வாசகத்துக்கு. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘கிழக்குப் பத்தி மூத்தவருக்கு’ (பத்தி என்றால் வீட்டுத் தாழ்வாரம்) என்று மட்டும் இருந்து, கிழக்கில் இரண்டு பத்தி இருந்தால், அந்தப் பத்திரம் ஆம்பிகுவஸ். அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கும் மூத்தவர் ஆம்பிகுவஸ் இல்லை.

‘பிட்டர்ஸ்வீட்’டுக்கு நமக்கு விளக்கமே வேண்டாம், சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டவர்கள் நாம். ஆனால் இது நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் நினைவுக்கும் போடும் சொல். விற்கப்போகும் வீட்டில் கடைசியாக ஒரு கல்யாணம் நடந்தால், ‘இட் வாஸ் எ பிட்டர்ஸ்வீட் டே.’ ‘ஐ ஆம் பிட்டர்ஸ்வீட்’ என்று எழுதினால் நீங்களே பச்சடி ஆகிவிடுவீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பார்ட் ஆஃப் மீ’. தமிழில் ‘ஒரு மனசு வித்துரலாம்ங்குது, ஒரு மனசு வேணாம்ங்குது’ என்கிறோம். இதை ‘ஒன் மைண்ட் ஸேஸ்’ என்று எழுதினால் ஓடாது. ‘பார்ட் ஆஃப் மீ வான்ட்ஸ் டு செல், பார்ட் ஆஃப் மீ டஸன்ட்.’ சின்னச் சொற்கள், பெரிய பாரத்தைத் தூக்கும்.

‘அரைமனசு’ வந்தால் ஜாக்கிரதை. ‘ஹாஃப் ஹார்ட்டட்’ என்று உடனே கை போகும். அது ஏனோதானோவென்று செய்த வேலையைக் குறிக்கும், அதில் குறை சொல்லும் தொனி உண்டு. ‘அரைமனசா சம்மதிச்சேன்’ என்பது ‘ஐ ரிலக்டன்ட்லி அக்ரீடு.’ ரிலக்டன்ட் என்றால் விருப்பமில்லை, வேறு வழியில்லாமல் இறங்குகிறேன். ‘ஹெசிடன்ட்’ என்றால் விருப்பம் இருக்கலாம், தைரியமோ தெளிவோதான் வரவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டுக்குப் பதில் எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சம்பந்தமே போய்விடும்.

அப்புறம் ‘ரிசர்வேஷன்ஸ்’. இந்தச் சொல்லைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பையன் “பல்லவன்லயா சார்?” என்று கேட்டான். ரயில் டிக்கெட் இல்லை. மொத்தத்தில் சம்மதம்தான், சில இடங்களில் மட்டும் ஒட்டவில்லை என்று மரியாதையாகச் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடையாது. ‘ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ் அபவுட் த ப்ரைஸ்.’ சண்டை இல்லாமல் மறுப்பைப் பதிவு செய்துவிடலாம்.

‘மிஸ்கிவிங்ஸ்’ என்பது இது சரியாக வராதோ என்று உள்ளே அரிக்கும் உறுத்தல். ‘குவாம்ஸ்’ என்பது மனசாட்சி குத்துவது. விலை படியாதோ என்று பயந்தால் மிஸ்கிவிங்ஸ். பர்மா தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் தனித்தனியாகக் கழற்றி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் போடச் சொன்னால் வருவது குவாம்ஸ். ‘ஐ ஹேவ் நோ குவாம்ஸ் அபவுட் இட்’ என்று சொல்லக்கூடிய பங்காளியும் ஒருவர் இருப்பார்; எல்லா வீட்டிலும் இருப்பார்.

படி 3: ‘சந்தேகம்’ என்ற பொறி

நம் ஊர் ஆங்கிலத்தில் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். தமிழில் ஒரே சந்தேகம். ஆங்கிலத்தில் மூன்று கதவு.

பாடத்தில் ஒன்று புரியவில்லை என்றால் ‘ஐ ஹேவ் எ டௌட்’ என்கிறோம். இந்தியாவுக்குள் செல்லும். வெளிநாட்டவர் காதில் ‘நீ சொல்வதை நான் நம்பவில்லை’ என்று விழலாம். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

அடுத்தது இன்னும் ஆபத்து. ‘ஐ டௌட் ஹி வில் சைன்’ என்றால் அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்றே நினைக்கிறேன் என்று பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹி வில் சைன்’ என்றால் போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். இரண்டையும் நாம் சந்தேகம் என்றே மொழிபெயர்ப்போம். ஆனால் ஒன்று கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே. ஒரு பங்காளியின் மெயிலில் ‘ஐ டௌட்’ என்று பார்த்துவிட்டு, சந்தேகம்தானே, கேட்டால் போட்டுவிடுவார் என்று ஒரு குடும்பம் மூன்று மாதம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் ‘ஐ டௌட்’ என்றால் ‘அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது’ என்று நம் சந்தேகத்துக்குப் பக்கத்தில் வரும். அதை நம்பி எழுத வேண்டாம்.

படி 4: வாலைத் தலைக்குக் கொண்டு வாருங்கள்

தமிழில் ஐயம் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். வருவார் என்பது உறுதி. வரலாம், வருவாரோ, வருவாராம், வருவார் போலிருக்கு என்று வாலை மாற்றினால் போதும், உறுதி கரைந்துவிடும். பழந்தமிழில் இதற்கென்றே ‘கொல்’ என்று ஓர் இடைச்சொல் இருந்தது. ஐயப்பொருளில் வருவது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு இந்த வால் கிடையாது. அது ஐயத்தைத் தலையிலோ இடுப்பிலோதான் கட்டும். அதனால் தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் கடைசியில் வரும் வாலை மறந்துவிட்டு, உறுதி வாக்கியமாக அனுப்பிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வாலுக்கும் ஒரு தலை உண்டு.

-லாம்: ‘மே’ அல்லது ‘மைட்’. ‘ஹி மைட் கம்.’ மைட் கொஞ்சம் மெலிசு என்பார்கள், பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘மே’ அனுமதிக்கும் வரும், நம் ‘போகலாம்’ மாதிரியே. ஐயம் மட்டும் வேண்டுமானால் மைட் பத்திரம். ‘மேபி’யை ஒரே சொல்லாக எழுதினால் ‘ஒருவேளை’, இடைவெளி விட்டு எழுதினால் ‘இருக்கலாம்’ என்ற வினை. ‘மேபி ஹி இஸ் அட் ஹோம்’, ‘ஹி மே பி அட் ஹோம்’ இரண்டும் சரி. இடத்தை மாற்றினால் தப்பு.

-ஓ: ‘ஐ வொண்டர்’. ‘வருவாரோ என்னவோ’ என்பது ‘ஐ வொண்டர் வெதர் ஹி வில் கம்.’ இதையே ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று இழுத்தால் நயமாக உதவி கேட்கிறீர்கள் என்று அர்த்தம் மாறும். பணிவான சொல், கடன் கேட்கக்கூட உதவும்.

-ஆம்: ‘அப்பேரன்ட்லி’. ‘வித்துட்டாங்களாம்’ என்பது ‘அப்பேரன்ட்லி தே ஹேவ் சோல்டு இட்.’ கேள்விப்பட்டதுதான், நான் பொறுப்பு இல்லை என்கிறீர்கள். ‘சப்போஸட்லி’ என்று போட்டால் ‘அப்படிச் சொல்றாங்க, நான் நம்பல’ என்ற முகச்சுளிப்பும் சேர்ந்து போகும். குடும்ப மெயிலில் அது வேண்டவே வேண்டாம்.

போலிருக்கு: ‘இட் லுக்ஸ் லைக்’, ‘இட் ஸீம்ஸ்’. நம் ஊரில் வதந்திக்கும் ‘இட் ஸீம்ஸ்’ போடும் பழக்கம் உண்டு: ‘ஹி இஸ் கமிங் இட் ஸீம்ஸ்.’ அது ‘-ஆம்’மை அப்படியே வாலில் ஒட்டவைத்த ஆங்கிலம். கேட்க எனக்கு ஆசைதான், வெளியூருக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எதிர்மறை இடம் மாறும். தமிழில் ‘அவர் வரமாட்டார்னு நினைக்கிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இயல்பாக வருவது ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்.’ மாட்டார் என்பது ‘நினைக்கிறேன்’ பக்கம் தாவிவிடுகிறது.

‘ம்... சரி’ என்று இழுத்துச் சொல்லும் சம்மதத்துக்கும் ஒன்று உண்டு: ‘ஐ சப்போஸ் ஸோ.’ அமெரிக்கர்கள் ‘ஐ கெஸ் ஸோ’ என்பார்கள். எழுத்தில் இதைப் பார்த்தால் முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெருமூச்சு அதற்குள் இருக்கிறது.

பழமொழிகளை விட்டுவிடலாம். ‘கேட் ஆன் த வால்’ என்று நாம் சொல்வது மதில்மேல் பூனையேதான், ஆங்கிலக்காரர்களுக்கு அந்தப் பூனையைத் தெரியாது. அவர்கள் வேலிமேல் உட்காருவார்கள்: ‘ஆன் த ஃபென்ஸ்’.

படி 5: நூற்றுக்கு எத்தனை?

ஐயச் சொற்களுக்கு அளவு உண்டா? ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் தொல்லை. 1951-இல் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை ஒன்று, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’ இருப்பதாகச் சொன்னது. அதைத் தயாரித்த குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட், அந்தச் சொல்லால் என்ன நினைத்தீர்கள் என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாக்கியம் அது! 1964-இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி இந்தத் தலைவலியே வேண்டாம் என்று எண்ணைக் கட்டிவைத்திருக்கிறது: ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90-க்கு மேல், ‘அன்லைக்லி’ என்றால் 33-க்குக் கீழ்.

குடும்ப மெயிலுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: நூற்றுக்கு எத்தனை? 90-க்கு மேல் என்றால் ‘ஆல்மோஸ்ட் ஸர்ட்டன்லி’. 70, 75 என்றால் ‘ப்ராபப்லி’. பாதிக்குப் பாதி என்றால் ‘மேபி’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘மைட்’. 30-க்குக் கீழே ‘ப்ராபப்லி நாட்’. இது என் கணக்கு, சட்டம் இல்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஐயச்சொல் போதும். ‘மேபி ஐ திங்க் இட் மைட் பாஸிப்லி’ என்று அடுக்கினால் நழுவுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

முடிவுக்கும் முடிவின்மைக்கும் நடுவில் ‘டென்டேட்டிவ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இப்போதைக்கு இப்படி, பிறகு மாறலாம். இதற்கு உதாரணம் நம் ஊரே: செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான டென்டேட்டிவ் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் இருப்பதால் நிராகரித்ததாகவும் ஆகாது, அங்கீகரித்ததாகவும் ஆகாது. கல்யாண மண்டபத் தேதி எழுதும்போதும் ‘டென்டேட்டிவ் டேட்’ என்று போடுங்கள், சமையல்காரர் கிடைத்த பிறகு எடுத்துவிடலாம்.

படி 6: சேர்த்து எழுதுவது

ஆச்சிக்கு இரண்டாவது தடவை எழுதிய மெயிலை அவர் அனுமதியோடு தருகிறேன்.

‘டியர் ஆல், தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங் மீ. ஐ அண்டர்ஸ்டாண்ட் த பேப்பர்வொர்க். ஐ ஜஸ்ட் ஹேவ் மிக்ஸ்டு ஃபீலிங்ஸ் அபவுட் செல்லிங். பார்ட் ஆஃப் மீ நோஸ் வி கான்ட் கீப் ரிப்பேரிங் த ரூஃப் எவ்ரி இயர். பார்ட் ஆஃப் மீ வான்ட்ஸ் ஒன் மோர் வெட்டிங் இன் தட் கோர்ட்யார்டு. ஐ ஆம் நாட் அகைன்ஸ்ட் இட், பட் ஐ ஹேவ் ஒன் ரிசர்வேஷன்: த பில்லர்ஸ் ஷுட் நாட் பி சோல்டு செப்பரேட்லி. ஐ வில் ப்ராபப்லி ஸே யெஸ். ப்ளீஸ் கிவ் மீ அண்டில் பொங்கல்.’

வரிசையைப் பாருங்கள். புரிந்தது என்று முதலில் சொல்லிவிட்டோம், இனி பாடம் வராது. அப்புறம் உணர்ச்சிக்குப் பெயர் வைத்தோம். இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஒரு காட்சி: ஓட்டுக்கூரை, வளவு. வெறும் ‘ஐ ஆம் ஸேட்’ என்று எழுதியிருந்தால் பேரனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. டோர்ன் போடவில்லை. ஆச்சிக்கு வலி இருந்தது, ஆனால் கிழிபட்ட வலி இல்லை. எதிர்ப்பு இல்லை என்று சொல்லி, நிபந்தனையை ரிசர்வேஷனாக வைத்தோம். கடைசியில் அளவும் தேதியும். தேதி போடாத ‘ப்ராபப்லி’ வருஷக்கணக்கில் தொங்கும்.

ப்ராபப்லியா மேபியா என்று நானாக முடிவு செய்யவில்லை. “நூத்துக்கு எத்தனை ஆச்சி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “எழுவது” என்றார்.

இந்தத் தடவை பாடம் வரவில்லை. ‘ஸோ டு ஐ, ஆயா. டேக் யுவர் டைம்’ என்று ஒற்றை வரிதான் வந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டைத் திறந்தார்கள். மறுவாரம் ஆச்சி மறுபடி போனோடு படியேறி வந்தார்.

“தம்பி, இப்ப அம்பதுன்னு ஆயிருச்சு. அதுக்கு என்ன வார்த்தை?”

‘ஐ ஆம் ஸ்டில் இன் டூ மைண்ட்ஸ்’ என்று தட்ட ஆரம்பித்தேன்.